பட்டம் துறந்தவரின் ஊர்

ஞானப்பிரகாசம் என்னும் பெயருடையோர் இல்லாத பங்கு நம்மிடையே அரிது. அப்பெயருக்குரிய புனிதர் பட்டத்துக்குரிய இளவரசர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர் துறந்த பட்டம் பின்னர் என்னவாயிற்று என்பதைச் சொல்வதில்லை. ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்குச் செல்லும் அன்பர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

வட இத்தாலியின் மாந்துவா நகரை 1328 முதல் ஆண்டது கொன்சாகா குலம். 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அக்குலத் தலைவருக்கு 'டியூக்' பட்டம் வழங்கினார். நாயக்கர் காலத்துப் பாளையக்காரரை நினைத்துக்கொண்டால் டியூக்கின் நிலை ஓரளவு விளங்கும்: கோட்டையும் படையும் அவருடையவை, ஆயினும் அவருக்கு மேல் ஒருவர் உண்டு. இக்குலத்தின் ஒரு கிளை காஸ்தில்யோனே என்னும் சிற்றூரை ஆண்டது. அதன் குறுநில மன்னர் பெரான்தேயின் மூத்த மகனாக 1568இல் பிறந்தவரே ஞானப்பிரகாசியார். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் அரண்மனையில் இளவரசனுக்குத் தோழராய் இருந்தவர், துறவறம் வேண்டும் என்றார். தந்தையோ போர்வீரர், சூதாட்டப் பிரியர். மகனை விட மனமில்லை. பட்டத்தைக் கைவிடவும் பேரரசரின் இசைவு வேண்டியிருந்தது! இறுதியில் 1585 நவம்பரில், தம்பி ரொதோல்போவுக்கு உரிமையனைத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சேசு சபையிற் சேர்ந்தார். 1591இல், உரோமையில் கொள்ளைநோயாளருக்குப் பணி செய்த நிலையில், இருபத்து மூன்றாம் வயதில் இறந்தார். பட்டம் பெற்ற தம்பியோ 1593இல் கொலையுண்டார்.

பெரிய கிளையின் கதையும் இரங்கத்தக்கதே. 1627இல் நேர்வாரிசு அற்றுப் போர் மூண்டது. 1630இல் பேரரசரின் படை மாந்துவாவைச் சூறையாடியது. அரண்மனையின் புகழ்பெற்ற ஓவியங்களோ அதற்கு முன்பே இங்கிலாந்து மன்னருக்கு விலைபோயிருந்தன. கடைசி டியூக் 1681இல் தம் கோட்டையொன்றைப் பிரெஞ்சு மன்னருக்கு விற்றார். 1708இல் பட்டம் பறிக்கப்பட்டு, பாதுவா நகரில் அகதியாக மாண்டார்.

அதே காஸ்தில்யோனேயில் 1680இல் பிறந்தவர்தாம் நம் வீரமாமுனிவர். அவருக்குப் பதினொரு வயதாகும்போது ஊர் மக்கள் தங்கள் கொன்சாகா இளவரசருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அரச குலம் சரிவதைக் கண்டு வளர்ந்த சிறுவன், 1698இல் ஞானப்பிரகாசியாரின் சபையிலேயே சேர்ந்து, டியூக் மறைந்த இரண்டாம் ஆண்டில் இந்தியா வந்தார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு அவர் தங்கிய காலத்தில், 1726இல், ஞானப்பிரகாசியாருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. தேம்பாவணி நிறைவெய்தியதும் அவ்வாண்டே என்பர். அக்காப்பியத் தலைவன் வளனோ தாவீது அரசரின் குலத்தவன். ஆனால் தச்சுத் தொழிலால் பிழைத்தவன். காஸ்தில்யோனேயில் பிறந்தவருக்கு அத்தலைவன் புதியவனாய்த் தோன்றியிருக்க மாட்டான் என்றே எண்ணுகிறேன்.

ஏலாக்குறிச்சிக் கோயிலுக்கு நிலம் அளித்தவர் அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயர் என்பது தல மரபு. முனிவர் தம் நோயைத் தீர்த்ததற்கு நன்றியாக அளித்தாராம். அக்குலமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1765 ஜனவரியில் ஆர்க்காட்டு நவாபின் படை ஆங்கிலேயர் துணையுடன் அரியலூரைக் கைப்பற்றியது. அடுத்து உடையார்பாளையமும் வீழ்ந்தது. இரு பாளையக்காரரும் தப்பியோடித் தரங்கம்பாடியில் புகுந்தனர். அங்கே அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது, டென்மார்க்கு மன்னரின் கொடி பறந்த கோட்டை.