மூட்டை அவளுக்கு! முகூர்த்தம் அவனுக்கா?



வீடு மாறுவது என்றால் என்ன? நான்கு சுவர்களை விட்டு வேறு நான்கு சுவர்களுக்குள் நுழைவது. கொண்டு செல்லும் பொருள்களோ பாத்திரம் சில, பண்டம் சில, புத்தகம் சில, துணி பல! பீரோவைத் திறந்தால் துணி, பரணில் ஏறினால் துணி, கட்டிலுக்கடியில் குனிந்தால் துணி. கொடியிலே காய்வதும் துணி, கூடையிலே வெளுப்புக்குக் காத்திருப்பதும் துணி! இத்தனையையும் எடுத்து, உதறி, மடித்து, அடுக்கி, மூட்டையாகக் கட்டுவது யார்? தாய், இல்லையேல் தாரம், இல்லையேல் தமக்கை, அவளும் இல்லையேல் தங்கை!

எந்த நாளில் கட்டுவது, எந்த நாழிகையில் தூக்குவது என்று முடிவு செய்வது யார்? குடும்பத் தலைவர். அவருக்குச் சொன்னவர் சோதிடர். சோதிடருக்குச் சொன்னது பஞ்சாங்கம்.

நாளைக் குறிப்பவன் மூட்டை கட்டுவதில்லை. மூட்டை கட்டுபவள் நாளைக் குறிப்பதில்லை. நம் வீடுகளில் நடக்கும் ஆட்சிமுறை இதுதான்.

"நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, நீர் துணி மடிப்பதைப் பற்றிப் பேச வந்துவிட்டீரே!" என்று கேலி பேசுவோர் உண்டு. கேலி பேசட்டும். மேடையிலே முழங்கப்படும் சமத்துவம், பீரோவின் கதவைத் திறந்ததும் ஓடி ஒளியுமானால், அந்தச் சமத்துவம் சொல்லளவில் நிற்கிறதே தவிரச் செயலளவுக்கு வரவில்லை என்றுதான் பொருள். பகுத்தறிவு கூட்டத்தில் பேசுவதற்கு மட்டும் அன்று. குடி பெயரும் நாளிலும் அதற்கு வேலை இருக்கிறது.

முதலில் நாளைப் பார்ப்போம்.

ஆனியிலே குடி போகாதே. மகாபலி மண்ணை இழந்த மாதம்! ஆடியிலே போகாதே, இராவணன் இலங்கையை இழந்த மாதம்! புரட்டாசியிலே போகாதே; இரணியன் மாண்ட மாதம்! மார்கழியிலே போகாதே, துரியோதனன் அரசிழந்த மாதம்! மாசியிலே போகாதே, சிவன் நஞ்சுண்ட மாதம்! பங்குனியிலே போகாதே, மன்மதன் வெந்து சாம்பலான மாதம்! இப்படி ஊருக்கு ஊர் சிறிது மாறினாலும், பன்னிரண்டில் ஆறு மாதத்தை அடித்துவிட்டார்கள் காரணம் சொல்வோர். எஞ்சிய ஆறிலேனும் நிம்மதி உண்டா? செவ்வாய் ஆகாது, சனி ஆகாது, அட்டமி ஆகாது, நவமி ஆகாது, கரிநாள் ஆகாது. இத்தனைக்கும் தப்பிப் பிழைத்து ஒரு நாள் வந்து சேர்ந்தால், அந்த நாளிலே இராகு காலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி!

இலங்கையை இழந்தவன் இராவணன். இரட்டை வாடகை இறுப்பவன் இராயபுரத்துத் தொழிலாளியா? துரியோதனன் வீழ்ந்தது துவாபர யுகத்தில் என்கிறார்கள். அதற்காக இந்த யுகத்தில், மாற்றல் உத்தரவைக் கையிலே வைத்துக்கொண்டு, தை பிறக்கட்டும் என்று காத்திருக்கிறாள் ஓர் ஆசிரியை! புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பழைய வீட்டுக்கும் வாடகை ஓடுகிறது. ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை! பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் மாதத்தில். ஜூன் நடுவில் பிறப்பது ஆனி. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவன் பள்ளிக்கு அருகே குடி போக நினைத்தால், "மகாபலியை நினை" என்கிறது பஞ்சாங்கம். மகாபலியையா நினைப்பது? மகனை அல்லவா நினைக்க வேண்டும்!

நாள் தள்ளிப் போகும்போது நடப்பது என்ன? கட்டிய மூட்டை பிரிகிறது. பிள்ளைக்குச் சட்டை வேண்டும், பெரியவருக்கு வேட்டி வேண்டும், கைக்குழந்தைக்குத் துண்டு வேண்டும். மூட்டைகள் வயிறு கிழிந்து கூடத்திலே கிடக்கின்றன. மறுபடி நாள் குறிக்கப்படுகிறது. மறுபடி மூட்டை கட்டப்படுகிறது. நாளை மாற்றுவதற்கு ஒரு சொல் போதும். மூட்டையை மீண்டும் கட்டுவதற்கு ஓர் இரவு வேண்டும். அந்தச் சொல் அவனுடையது. அந்த இரவு அவளுடையது.

"முன்னோர் காரணமின்றிச் சொல்வார்களா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு விடை சொல்வோம். காரணம் இருந்திருக்கலாம். ஆடிப்பட்டம் தேடி விதைத்த உழவனுக்கு ஆடியிலே கையில் காசும் இல்லை, உழைக்கும் கைக்கு ஓய்வும் இல்லை. அவன் குடி பெயர்வதைத் தள்ளி வைத்தது அறிவு. விதைக்க நிலமே இல்லாத, மாதச் சம்பளம் வாங்கும் வாடகைக் குடித்தனக்காரன் அதையே செய்வது என்ன அறிவு? காரணம் போன பிறகும் கட்டளை மட்டும் நிற்குமானால், அதற்குப் பெயர் பழக்கம். பழக்கத்தைக் கேள்வி கேட்காதே என்றால், அதற்குப் பெயர் அடிமைத்தனம்!

துணியை மூட்டை கட்டுகிறவளுக்குத் தெரியும், துணிக்குப் பகை எது என்று. துணிக்குப் பகை ஈரம். ஈரத்தோடு கட்டிய துணியிலே பூஞ்சை பிடிக்கும், கரும்புள்ளி விழும், எத்தனை வெளுத்தாலும் போகாது. ஆகவே, வீடு மாற நாள் பார்ப்பவன் வானத்தைப் பார்க்கலாம். வானத்து மேகத்தைப் பார்க்கலாம்! பஞ்சாங்கம் பார்ப்பதோ வானத்துக் கோளை!

சென்னை மாநகரில் ஆண்டு மழையில் சரிபாதிக்கும் மேல் கொட்டித் தீர்ப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதாவது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். அந்த ஐப்பசியும் கார்த்திகையும் பஞ்சாங்கத்திலே நல்ல மாதங்கள்! மழை ஓய்ந்து குளிர்ந்து வரும் மார்கழி பொல்லாத மாதம்! 2015 நவம்பரில் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. அது கார்த்திகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து நகரை மூழ்கடித்தது. அதுவும் கார்த்திகை. நல்ல மாதம் என்ற பெயர் நனையாமல் காத்ததா நம் துணிகளை?

வால்பாறைக்குப் போங்கள். அங்கே ஆடி மாதம் தென்மேற்குப் பருவ மழை விடாமல் பெய்யும். அங்கே ஆடியில் வீடு மாறாதே என்றால் ஒப்புக்கொள்வோம். ஏனென்றால் மூட்டை நனையும், லாரி சறுக்கும். ஆனால் அதே ஆடியில் சென்னையில் பெய்யும் மழையோ ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் சிறிது. மலைக்கு ஒரு மழை, கடற்கரைக்கு ஒரு மழை. இரண்டுக்கும் ஒரே பஞ்சாங்கம்! இந்த வேறுபாட்டை அறியாத ஏட்டையா நாளுக்கு அதிபதி ஆக்குவது?

நாளைப் பார்த்தோம், இனி ஆளைப் பார்ப்போம்.

இந்திய அரசு 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோர், பெண்களில் 100-க்கு 81 பேர். ஆண்களில் 100-க்கு 26 பேர். அப்படி ஈடுபடும் பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம். ஆண் செலவிடுவது 97 நிமிடம். அவளுக்கு ஐந்து மணி. அவனுக்கு ஒன்றரை மணியும் கொஞ்சமும். நூற்றுக்கு எழுபத்து நான்கு ஆண்களுக்கு அதுவும் இல்லை! நாள்தோறும் இருக்கும் கணக்கு இது. வீடு மாறும் வாரத்தில் இந்தக் கணக்கு என்ன ஆகும் என்று எவரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வீட்டிலே கணவனை இழந்த தாய் இருக்கிறாள். மூட்டைகளில் பாதியைக் கட்டியவள் அவள். எந்தப் பெட்டியில் யார் துணி இருக்கிறது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். லாரி வந்து நிற்கிறது. "அம்மா, நீ எதிரே வராதே, உள்ளே போ" என்கிறார்கள்! கட்டிய கை ஆகும். கட்டியவளின் முகம் ஆகாதாம்! மகளுக்கு அன்று மாதவிடாய். புது வீட்டுப் படியை முதலில் மிதிக்காதே, பட்டுப் பெட்டியைத் தொடாதே என்று அவளுக்கும் உத்தரவு. முந்திய இரவு வரை அந்தப் பெட்டியில் ஒவ்வொரு புடவையாக மடித்து வைத்த கை அது! உழைக்கும்போது இல்லாத தீட்டு, உரிமை கேட்கும்போது எங்கிருந்து வந்தது?

அந்தத் தாயின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மேலே வெளுத்த புடவைகள். அடியிலே, பழைய துண்டில் சுற்றி, ஒரு நீலப் புடவை, ஒரு மாம்பழ நிறப் புடவை. உடுத்தக்கூடாது என்று ஊர் சொன்னதால் உடுத்தவில்லை. எறிய மனம் வராததால் எறியவில்லை. வீட்டுக்கு வீடு மாறும்போதெல்லாம் பெட்டிக்குப் பெட்டி மாறி, வெளிச்சம் காணாமலே அவை பயணம் போகின்றன. பகுத்தறிவு பேசும் மகனே! இந்த முறை மூட்டை கட்டும்போது அந்தப் புடவையை அடியில் வைக்காதே, மேலே வை. "புது வீட்டில் இதை உடுத்திக்கொள், அம்மா" என்று சொல். அவள் மறுத்தால் வற்புறுத்தாதே; உடுத்துவது அவள் உரிமை, மறுப்பதும் அவள் உரிமை. தடை இல்லை என்று சொல்வது உன் கடமை.

குறை சொல்லி நின்றுவிடுவது அழகன்று. முறையையும் சொல்வோம்.

அவரவர் துணியை அவரவர் கட்டுக. பத்து வயதுப் பையனுக்கும் தன் சட்டையை மடிக்கக் கை உண்டு. ஐம்பது வயதுத் தந்தைக்கும் உண்டு. கைக்குழந்தையின் துணியைத் தாயும் தந்தையும் சேர்ந்து கட்டுக. ஆளுக்கொரு பையில் இரண்டு நாளுக்கு வேண்டிய உடைகளைத் தனியே வைத்துக்கொண்டால், புது வீட்டில் முதல் இரவே பத்து மூட்டையைப் பிரித்துத் தேடும் வேலை அவள் தலையில் விழாது.

துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கட்டுக. அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் பட்டையும். வியர்வையும் உணவுக் கறையும் அதை அழைக்கும் வெற்றிலை பாக்கு! கஞ்சி போட்ட துணியை அரிக்கும் பூச்சிக்கு நம்மவர் இட்ட பெயர் இராமபாணம். இராவணன் வீழ்ந்த மாதத்துக்கு அஞ்சும் வீட்டிலே இராமபாணம் வேட்டியை அரித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்ப்பார் இல்லை!

அந்துருண்டையைக் குழந்தைத் துணியோடு வைக்காதீர். நாப்தலின் என்னும் அந்தப் பொருள் ஆவியாகித் துணியில் தங்கும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்தத் துணியைப் போர்த்தினால், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து வரக்கூடும். புது வீட்டில் பிள்ளைக்கு நோய் கண்டால் "வாசற்படி சரியில்லை" என்று மந்திரவாதியைத் தேடுவோர், துணிப்பெட்டியையும் ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும்!

பட்டுப் புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடித்து வைக்கலாம். ஒரே மடிப்பில் கிடந்தால் இழை அங்கேயே அறும். அசல் சரிகையில் இருப்பது வெள்ளி. காற்றிலுள்ள கந்தகம் பட்டால் அது கறுக்கும். கறுத்தது கண்ணேறு பட்டதால் அன்று.

மூட்டை தூக்க வந்த தொழிலாளிக்கும், உதவிக்கு வந்த வீட்டுப் பணியாளருக்கும் பணமாகக் கூலி கொடுங்கள். நாம் கழித்த கந்தலைக் கையில் திணித்துவிட்டு, தருமம் செய்தோம் என்று தலை நிமிராதீர். பழந்துணி கூலி ஆகாது.

நாளை எப்படிக் குறிப்பது? பள்ளி விடுமுறை எப்போது, மழை எப்போது, வாடகைக் கணக்கு எந்தத் தேதியில் முடிகிறது, கட்டுகிறவர்களுக்கு ஓய்வு எப்போது என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு, வீட்டிலுள்ள அனைவரும் உட்கார்ந்து முடிவு செய்க. முதல் சொல்லைச் சொல்லும் உரிமை, மூட்டையில் பெரும்பங்கைக் கட்டுகிறவளுக்கு.

அடுத்த ஆடியில் உங்கள் தெருவில் எத்தனையோ வீடுகள் காலியாகவே கிடக்கும். ஆள் தேடும் வீட்டுக்காரர் வாடகையில் சற்று விட்டுக் கொடுக்கவும் இசைவார். தோழர்களே, போய்ப் பேசுங்கள். முடிவானால் அந்த மாதமே குடி போங்கள். போகும்போது, உங்கள் வேட்டியை நீங்களே மடித்து எடுத்துக்கொண்டு போங்கள்!