துப்பாக்கியோடு முகமூடியும் வாங்குங்கள்

போன தீபாவளிக்கு முன் அம்மாவுக்கு ஒரு சாமி மாடம் செய்து கொடுத்தேன். சுங்கை ரம்பாயில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடம்தான் சனி, ஞாயிறுகளில் என் பட்டறை. அறுத்தது, இழைத்தது, ஒட்டியது எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது. கடைசியில் வார்னிஷ் அடித்தபோதுதான் தூரிகைக் கோடு கோடாகத் தெரிந்தது. “சாயம் தெளிக்கும் துப்பாக்கி வாங்கினால் கண்ணாடி மாதிரி வருமே” என்று ஆசை வந்தது. மலிவாக ஒன்று வாங்கினேன். அதோடு லேக்கரும் தின்னரும்.

மதியம் மூன்று மணி. மேகம் கருத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று அவசரமாகத் தெளித்தேன். பத்து நிமிடத்தில் மாடம் முழுக்க வெள்ளைப் பூச்சு, திருநீறு பூசியது போல. லேக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. நம் ஊர் ஈரக்காற்று அதில் பட்டு நீராகிப் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை. பலகையைத் தேய்த்து மீண்டும் அடிக்கலாம், அது போகட்டும். ஆனால் சன்னல் வழியாக வீட்டுக்குள் போன வாடையில் அம்மாவுக்கு அன்றிரவு முழுக்க இழுப்பு. படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைத்தார். அதன் பிறகுதான் இந்தக் கருவியைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன்.

இதன் கதையே தொண்டையில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர், நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க 1880களில் ஒரு சிறு தெளிப்பானைச் செய்தார். அவர் மகன் தாமஸ் பின்னாளில் அதையே சாயம் தெளிக்கும் துப்பாக்கியாக மாற்றினார். தொண்டைக்கு மருந்தாகப் பிறந்த கருவி, கவனமில்லாதவன் கையில் தொண்டைக்கே வினையாகிறது.

கடையில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது ஏர்லெஸ். காற்று இல்லாமல் 2,000 பிஎஸ்ஐக்கும் மேலான அழுத்தத்தில் சாயத்தைப் பீய்ச்சும். வீட்டுச் சுவருக்கு நல்லது, மாடத்துக்கும் நாற்காலிக்கும் வேண்டாம். அதன் முனை முன் விரலை நீட்டினால் சாயம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறு காயம் போலத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியது அது.

இரண்டாவது, கொம்ப்ரெசரோடு இணைக்கும் துப்பாக்கி. மிக நேர்த்தியான பூச்சு இதில்தான் வரும். ஆனால் துப்பாக்கியின் பெட்டியில் எத்தனை சிஎஃப்எம் காற்று வேண்டும் என்று போட்டிருப்பதை முதலில் பாருங்கள். பொதுக் கணக்கில் 1 குதிரைத்திறனுக்கு 3 முதல் 4 சிஎஃப்எம் கிடைக்கும். 10 கேட்கும் துப்பாக்கியை 2 குதிரைத்திறன் கொம்ப்ரெசரில் மாட்டினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் வடிக்க வேண்டும், குழாயில் வடிகட்டி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சில் புள்ளி புள்ளியாக விழும்.

மூன்றாவது, கையில் பிடிக்கும் மின்சார எச்விஎல்பி. நிறையக் காற்று, குறைந்த அழுத்தம் என்பதே அதன் பொருள். முனையில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது. அதனால் சாயம் காற்றில் பறப்பது குறைந்து மரத்தில் படிவது கூடும். பக்கத்து வீட்டுக்காரர் காரும் தப்பிக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று சாமான் செய்பவருக்கு இதுவே போதும். வாட் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், முனையின் துளையைப் பாருங்கள். தெளிவான வார்னிஷுக்கு 1.3 முதல் 1.5 மில்லிமீட்டர், கெட்டியான சாயத்துக்கு 1.8க்கு மேல். முனையைக் கழற்றிக் கழுவ எளிதாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். கழுவாத துப்பாக்கி அடுத்த முறை வேலை செய்யாது.

இனி முக்கியமானது. எதைத் தெளிக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், கருவி பிறகு. வீட்டில் தெளிப்பதற்குத் தண்ணீர் கலந்த பாலியூரித்தேன் போதும். வாடை குறைவு, தீப்பிடிக்கும் பயமும் குறைவு. தொழிற்சாலைகளில் அடிக்கும் இரண்டு டப்பா பியூவை வீட்டில் தெளிக்கவே வேண்டாம். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, அது ஆஸ்துமாவை வரவழைக்கும். சாதாரணத் துணி முகமூடியும் என்95ம் தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவி வடிகட்டும் குப்பி பொருத்திய முகமூடிதான் வேண்டும். அதன் விலையையும் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அந்தக் கணக்கில் பணம் போதவில்லையா? தூரிகையே போதும்.

நான் இப்போது காலை பத்து மணிக்கு, வெயில் ஏறி ஈரம் குறைந்த பிறகுதான் தெளிக்கிறேன். முதலில் அட்டைப் பெட்டியில் ஒத்திகை. முனைக்கும் மரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். மெல்லிய மூன்று பூச்சு, நடுநடுவே 320 எண் மணல்தாள். சன்னல்களை அடைத்துவிட்டு, அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

அந்த மாடத்தையும் அப்படித்தான் தேய்த்து மீண்டும் பூசினேன். அது ரப்பர் பலகை. மலாயாவில் ரப்பரை வணிகத்துக்காக முதலில் நட்டது நம் மலாக்காவில்தான், 1896இல் புக்கிட் லிந்தாங்கில். ஒரு காலத்தில் பால் வற்றிய மரம் விறகுக்குத்தான் போகும். இன்று கெசாங் ஆற்றைத் தாண்டினால் மூவாரில் அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பல் ஏறுகிறது. அம்மா மாடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “இவ்வளவு வழுவழுப்பா இருக்குமாடா இந்த மரம்? இருபது வருசம் சீவினேன், பட்டையை மட்டும்தான் பார்த்தேன்” என்றார்.

அவர் விளக்கேற்றியபோது இழுப்பு இல்லை. எனக்கு அதுதான் தீபாவளி.