திறந்த வாசல்

தர்மபுரி ஜில்லாவில், அரூருக்கு அருகே தீர்த்தமலை இருக்கிறது. ஜனங்கள் மூச்சு வாங்க மலையேறி, பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் நனைந்து, ஸ்வாமி தரிசனம் செய்துவிட்டு, அன்றைக்கே வீடு போய்ச் சேருகிறார்கள். கோயில் நடை சாத்துவது உண்டு. பக்தனை உள்ளே வைத்துச் சாத்துவது இல்லை.

மனிதர் நடத்தும் ஸந்நிதானங்கள் சிலவற்றில் அப்படி அல்ல. இலங்கையிலிருந்து 1984-இல் வந்த பிரேமானந்தா, 1989-இல் விராலிமலைப் பக்கம் ஆசிரமம் அமைத்தார். வாயிலிருந்து லிங்கம் வருவித்தார். கையிலிருந்து விபூதி கொட்டினார். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இலங்கை யுத்தத்தில் பெற்றோரை இழந்த சிறுமிகளும் அங்கே வளர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறு, துணி, படிப்பு, கூரை யாவும் ஒரே மனிதரின் கையில்! அவர் முகம் சுளித்தால் போக்கிடம் ஏது? இதைவிடக் கனமான விலங்கு வேண்டுமா?

1994-இல் அங்கிருந்து தப்பிய பெண்கள் வாய் திறந்தார்கள். 13 பெண்களைப் பலாத்காரம் செய்த குற்றத்துக்கும், ஒரு கொலைக்குமாக, 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டு அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. உடந்தையாயிருந்த சிஷ்யர்களும் தண்டனை பெற்றார்கள். 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. 2011-இல், தண்டனைக் கைதியாகவே அவர் இறந்தார்.

காவி உடுத்தவரெல்லாம் கயவர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் குழந்தையை ஓர் ஆசிரமத்தில் விடுமுன், பெற்றோர் மூன்று கேள்வி கேட்கட்டும். குழந்தை நம்மோடு தனியாகப் பேசலாமா? அது எழுதும் கடிதம் பிறர் பிரிக்காமல் நம் கைக்கு வருமா? அழைத்துப் போக நினைத்த நாளில் அழைத்துப் போகலாமா? "குருவைச் சந்தேகிப்பது பாவம்" என்பதே பதிலானால், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி விடுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். குழந்தைகள் மீதான இத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பது, 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி தானே ஒரு குற்றம். 1098 என்ற எண்ணுக்குச் சொன்னாலும் உதவி வரும்.

விராலிமலைச் சிறுமிகளுக்குத் தைரியம் இருந்தது. கேட்பதற்குக் காதுகள்தாம் நெடுநாள் கிடைக்கவில்லை. நம் வீட்டுக் குழந்தை தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வரும்போது, "சாமியாரைப் பற்றியா பேசுகிறாய்?" என்று அதட்டாமல் இருப்போமே! அதுவும் பக்திதான்.