மீசை முளைத்தவனுக்கு இரக்கம் கிடையாது

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு 18 என்பது ஒரு தேதி, அவ்வளவுதான். மைனர் கணக்கில் அந்தத் தேதி தாண்டினால் அம்மாவின் கையெழுத்து செல்லாது. பிள்ளையே வரணும், புதுசாக் கையெழுத்து மாதிரி தரணும். இதை எத்தனையோ பேருக்குத் தலையை நிமிர்த்தாமலே சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு அம்மா வந்தார். செங்கல் சூளை வேலை. "அவன் வரணும்னா நாலு பேரு தூக்கியாரணும் சார். பேனா புடிக்கவும் கையில தெம்பு இல்ல." மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய். உதவித்தொகை விழுவது அந்தக் கணக்கில்தான். வர முடியாத நோயாளியிடம் கைரேகையோ கால்விரல் ரேகையோ வாங்கலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வங்கி அலுவலராக இருக்கணும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. அதைக் காட்டி மேனேஜரைச் சம்மதிக்க வைத்து, சாயங்காலம் அவரோடு மை டப்பியும் கையுமாகப் போனேன். ரேகை எடுக்கும்போது பையன் கேட்டான்: "18 ஆயிட்டா எல்லா எடத்துலயும் இப்பிடிப் புதுசாப் பேர் எழுதணுமாண்ணே?"

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

டுஷேன் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. சுமார் 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு. முதலில் கால், பிறகு கை, கடைசியில் மூச்சும் இதயமும். முன்பெல்லாம் பதின்வயதிலேயே முடிந்துவிடும். ஸ்டீராய்டு மருந்தும், வீட்டிலேயே வைக்கும் மூச்சுக்கருவியும் வந்தபின், இவை கிடைக்கிறவர்கள் 20களின் கடைசி வரைக்கும், 30களுக்குள்ளும் வாழ்கிறார்கள். விஞ்ஞானத்தின் வெற்றி, சரி. ஆனால் செத்துவிடுவான் என்ற கணக்கில் போட்ட ஏற்பாடுகளெல்லாம், உயிரோடு இருக்கிறவனைப் பார்த்துத் திகைத்து நிற்கின்றன.

இந்தத் திகைப்பு பணக்கார நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 1982இல் சகோதரி பிரான்சிஸ் டொமினிக்கா 'ஹெலன் ஹவுஸ்' தொடங்கினார். உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ். சாவதற்கான இடம் மட்டுமல்ல அது. வருஷக்கணக்காக அவ்வப்போது வந்து தங்கலாம், பெற்றவர்கள் ஒரு வாரம் தூங்கலாம், கூடப்பிறந்ததுகளும் வரலாம். பிள்ளைகள் வளர்ந்தார்கள். மீசை முளைத்தது. கரடி பொம்மை வரைந்த சுவருக்குள் 20 வயது ஆள் எப்படிப் படுத்திருப்பான்? பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸுக்குப் போனால், அங்கே பெரும்பாலும் புற்றுநோய் கண்ட முதியவர்கள், கடைசி வாரங்கள். இவனுக்கோ இன்னும் பத்து வருஷம் இருக்கலாம். அதுவரை ஒரே குழந்தை மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இதயத்துக்கு ஒருவர், நுரையீரலுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர். உடம்பை மட்டும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆள் யாருக்கும் சொந்தமில்லை.

அதனால் 2004இல் பக்கத்திலேயே 'டக்ளஸ் ஹவுஸ்' கட்டினார்கள், இளைஞர்களுக்கென்றே. அங்கே மதுக்கூடம்கூட இருந்தது. (படித்தபோது சிரித்துவிட்டேன். சாகப்போகிறவனுக்கு மதுவா என்று கேட்பவர்கள், அவனை இன்னும் குழந்தையாகவே வைத்திருக்கிறார்கள்.) 2018இல் அதை மூடிவிட்டார்கள். காரணம், பணம் இல்லை. பெரும்பகுதி நன்கொடையில் ஓடிய இடம் அது.

இங்கேதான் என் சண்டை. குழந்தை முகத்துக்கு உண்டியல் நிறையும். தாடி வளர்ந்த, மூக்கில் குழாய் வைத்த, காதலிக்க ஆசைப்படுகிற, எரிந்து விழுகிற ஆளின் படத்தை எந்த உண்டியலில் ஒட்டுவது? இரக்கத்துக்கு வயசு வரம்பு இருக்கிறது தோழர்களே. கருணையை நம்பிக் கட்டியது கருணை தீர்ந்ததும் விழும். உரிமையாக இருந்திருந்தால் மூடும்போது யாராவது பதில் சொல்லியாகணும். 13, 14 வயதிலேயே மாற்றத்துக்குத் திட்டமிடுங்கள், கூட நடக்க ஒரு ஆளைக் காட்டுங்கள் என்று 2016இல் அந்நாட்டு வழிகாட்டு நெறியே வந்தது. வந்து இரண்டே வருஷத்தில் கதவு மூடியது.

நம் பக்கம் வருவோம். 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத்திட்டம், பிறப்பு முதல் 18 வரை என்று கோடு போட்டிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் வலிநிவாரணச் சிகிச்சையும் உண்டு. நல்லதுதான். கேட்க வேண்டியது இதுதான்: 18க்கு முன்னாலேயே, அந்தப் பக்கத்துச் செவிலியர் இந்தப் பக்கத்து மருத்துவரோடு அதே வீட்டுக்கு வந்து, பையனிடம் பெயர் சொல்லி அறிமுகமாகட்டும். கோப்பு மாறுவதற்கு முன் முகம் தெரியட்டும்.

இதை நம் கோரிக்கைப் பட்டியல் எதிலும் நான் பார்த்ததில்லை, நான் எழுதிய பட்டியல்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நிலம் கேட்டோம், இடஒதுக்கீடு கேட்டோம், வன்கொடுமைச் சட்டம் கேட்டோம். காலனிக்குள் படுத்துக்கிடக்கும் இளைஞனைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஆள் கேட்கவில்லை. அந்த அம்மா பகலெல்லாம் சூளையில் மண் மிதித்துவிட்டு ராத்திரியில் பல தடவை எழுந்து அவனைத் திருப்பிப் போடுகிறார். தொட்டுத் தூக்க ஆள் வேண்டும் என்பது வெறும் மருத்துவக் கோரிக்கையாக எப்படி நம் காதில் விழும்?

புது பாஸ்புத்தகத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கார்டியன் பெயர் போயிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கச் சொன்னான். ஏடிஎம் கார்டு தன் பெயரில் வருமா என்றான்.

"வரும்."

"ரகசிய நம்பர அம்மாகிட்ட சொல்ல மாட்டேண்ணே."

"அம்மாதானேடா போய் எடுக்கணும்?"

"அது அவங்க பாடு" என்றான். அடுப்படியிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.