விளக்கை நம்பி என்ஜினை இழக்கலாமா?

மும்பையில் டாக்சியும் வாடகைக் காரும் ஓட்டிப் பிழைக்கும் தமிழர்கள் உண்டு. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கார் வாங்கிய குமாஸ்தாக்களும் உண்டு. லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

இப்போதைய கார்கள் பலவற்றில், ஆயில் மாற்ற இன்னும் எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்று ஸ்டியரிங் முன்னால் எழுத்து வருகிறது. அதைப் பார்த்து நம்மவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான கார்களில் அந்தக் கருவி ஆயிலைப் பார்ப்பதே இல்லை. ஓடிய தூரத்தையும் கழிந்த நாட்களையும் எண்ணுகிறது. சில கார்களில் என்ஜின் சுற்றையும் சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. அவ்வளவுதான். பேரேட்டைப் பார்த்துச் சரக்கு இருக்கிறது என்று சொல்வது போன்றது இது. கிடங்கைத் திறந்து பார்த்தால்தானே உண்மை தெரியும்?

பழைய என்ஜின் ஆயில் குடிக்கும். ரிங் தேய்ந்திருக்கும், கேஸ்கட்டில் கசியும். 4 லிட்டர் பிடிக்கும் என்ஜினில் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குறைந்தால், 8,000 கிலோமீட்டரில் பாதிதான் மிஞ்சும். 10,000 கிலோமீட்டர் கணக்கு வைத்த கருவியோ "இன்னும் 2,000 பாக்கி" என்று காட்டும்!

சிவப்பு விளக்கு எரியுமே என்பார்கள். அது ஆயில் அழுத்தம் விழுந்த பிறகு எரிவது. அப்போதே என்ஜினை நிறுத்தாவிட்டால் பேரிங் போகும்.

நகர நெரிசல் இன்னொரு எதிரி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட 167 மணி நேரம் போதும். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் 500 மணி. தூரம் ஒன்று, என்ஜின் படும் பாடு மூன்று மடங்கு. சி.என்.ஜி. வண்டியில் ஆயில் அவ்வளவாகக் கறுப்பதில்லை. நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது.

2023 அக்டோபரில் மும்பையிலிருந்து விடைபெற்ற பத்மினி டாக்சிகளில் இந்தக் கருவி இல்லை. ஆயில் பார்க்க டிப்ஸ்டிக் ஒன்றுதான் வழி. அந்தக் கம்பி இன்றைய கார்களிலும் பெரும்பாலும் இருக்கிறது. வாரம் ஒருமுறை, சமதரையில் வண்டியை நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, கம்பியைத் துடைத்துச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும்.

வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதில் பிழைப்பே அடங்கியிருக்கிறது. என்ஜின் பிடித்துக்கொண்டால் "நீ கவனிக்கவில்லை" என்று முதலாளி டிரைவர் மீது பழி போடுவார். "மீட்டரில் பாக்கி இருந்ததே" என்ற பதில் அங்கே எடுபடாது. ஆகவே வண்டியிலேயே ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், ஆயில் அளவு, ஊற்றிய அளவு நான்கையும் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். குறைந்த ஆயிலை ஊற்றும் செலவு வண்டிச் சொந்தக்காரருடையது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அரை லிட்டர் ஆயிலின் விலை எங்கே, என்ஜின் இறக்கி வேலை பார்க்கும் செலவு எங்கே? வேலை முடியும்வரை வண்டியும் ஓடாது, வருமானமும் வராது.