ஆறாயிரம் நாடகம்: கணக்கு யாரிடம்?

நடிகை எஸ். என். லட்சுமியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இரண்டு எண்களைச் சொல்கிறார்கள்: 1,500 படங்களுக்கு மேல், 6,000 நாடகங்களுக்கு மேல். முதல் எண்ணைச் சரிபார்க்க வழி உண்டு. படப்பெட்டி போனாலும் பாட்டுப் புத்தகம் எங்காவது கிடைக்கும், டைட்டிலில் பெயர் இருக்கும். இரண்டாவது எண்ணை என்ன செய்வது? வருடத்துக்கு இருநூறு இரவு மேடையேறினார் என்று வைத்துக்கொண்டாலும் முப்பது வருடம் ஆகிறது. அந்த முப்பது வருடத்தில் எந்த ஊரில், என்ன வேஷத்தில், எவ்வளவு சம்பளத்துக்கு என்று கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை.

அவர் நம் மாவட்டத்துக்காரர். இனிஷியலில் உள்ள ‘எஸ்’ விருதுநகர் பக்கத்துச் சென்னல்குடி. ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே வீட்டை விட்டு நாடகத்துக்குப் போனார். என். எஸ். கிருஷ்ணனின் குழுவில் நடித்தார். ஜெமினியின் ‘சந்திரலேகா’ 1948இல் வந்தபோது, அந்தப் பெரிய முரசு நடனக் கூட்டத்தில் அவரும் ஒருத்தி. 1960இல் ‘பாக்தாத் திருடன்’ படத்தில் டூப் இல்லாமல் சிறுத்தையோடு சண்டை போட்டார். 1964இல் ‘சர்வர் சுந்தரம்’ நாகேஷுக்கு அம்மா. அதற்குப் பிறகு தமிழ் சினிமா அவரை அம்மாவாகவும் பாட்டியாகவும் மட்டுமே பார்த்தது. ‘மைக்கேல் மதன காமராஜ’னில் கல்யாண வீட்டில் கை நீளும் அந்தப் பாட்டியை யாரும் மறக்கவில்லை. ‘மகாநதி’யிலும் ‘விருமாண்டி’யிலும் அவர் வந்து நின்றாலே காட்சிக்கு ஒரு வீட்டு வாசனை வந்துவிடுகிறது. கடைசியில் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 2012 பிப்ரவரியில் காலமானார்.

நாகேஷின் நடிப்பை ஆராய்ந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவருக்கு எதிரே நின்று ஒவ்வொரு வசனத்தையும் வாங்கிக் கொடுத்த அம்மா எந்த மேடையில் அந்த நிதானத்தைக் கற்றார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரலாற்றில் ஏறிய நடிகைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது. கே. பி. சுந்தராம்பாளைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். கிட்டப்பாவோடு நடந்த கல்யாணம், 1933இல் அவர் இறந்தபின் உடுத்திய வெள்ளைப் புடவை, 1935இல் ‘நந்தனா’ருக்கு வாங்கிய ஒரு லட்சம், காந்தி, காங்கிரஸ், சட்ட மேலவை, 1953இல் ‘ஒளவையார்’ எல்லாம் கோவையாக வந்து நிற்கின்றன. மதுரை கே. பி. ஜானகி அம்மாள் பழனியப்பா பிள்ளை பாய்ஸ் கம்பெனியில் மாதம் 25 ரூபாய்க்குச் சேர்ந்து முன்னணி நடிகையானவர். நம் சிவகாசியில் பிறந்த எஸ். எஸ். விஸ்வநாததாஸின் சாதியைச் சொல்லி மற்ற நடிகைகள் ஒதுங்கியபோது, அவரோடு ஜோடி சேர்ந்து மேடையேறியவர். பிறகு கம்யூனிஸ்ட் கட்சி, சிறை, 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியின் எம்.எல்.ஏ. அவருடைய வாழ்க்கையைக் கட்சித் தோழர்கள் எழுதி வைத்தார்கள்.

ஆக ஒரு நடிகையின் வாழ்க்கை ஏட்டில் ஏற ஒரு புகழ்பெற்ற கணவரோ ஒரு கட்சியோ தேவைப்பட்டிருக்கிறது. இரண்டும் இல்லாத லட்சுமிக்குக் கிடைத்தது, அஞ்சலிக் குறிப்பில் இரண்டு முழு எண்கள். சுந்தராம்பாளையோ ஜானகி அம்மாளையோ குறைத்துச் சொல்லவில்லை. இருவருமே அந்தத் துணைகள் இல்லாமலும் எழுதப்பட வேண்டியவர்கள். ஆனால் நாம் எழுதியிருப்போமா?

லட்சுமியாவது சினிமாவுக்குப் போனார். போகாதவர்களின் கதை இன்னும் மோசம். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்துக் கிராமங்களில் ‘வள்ளி திருமண’மும் ‘பவளக்கொடி’யும் விடிய விடிய நடந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஸ்பெஷல் நாடகத்தின் ஏற்பாடே விநோதமானது. கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டவர்கள் அன்று ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். மற்றது அந்தந்த நேரத்துச் சாமர்த்தியம். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடுபிடித்தால் ஸ்திரீபார்ட் பாட்டில் பதில் சொல்ல வேண்டும், வசனத்தில் மடக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரில் எத்தனை பேர் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு, விடிந்ததும் அந்த நடிகை முதல் பஸ்ஸுக்கு முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். ராத்திரி கைதட்டிய ஊர், காலையில் அவளைக் கேலி பேசியது.

இந்த இடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் தன்மைக் குரலைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. அந்த ஊர்க் கோயிலின் அரையர் சேவையில், முத்துக்குறி அபிநயத்தின்போது, தாயாகவும் மகளாகவும் குறி சொல்கிற கட்டுவிச்சியாகவும் மாறி மாறி நிற்பவர் ஓர் ஆண். அற்புதமான கலை அது, அதில் நமக்குக் குறையில்லை. பாய்ஸ் கம்பெனிகள் பலவற்றிலும் பையன்களே பெண்வேஷம் கட்டினார்கள். டி. கே. சண்முகம் ஒளவையாராக நடித்து ‘ஒளவை’ என்பதையே பெயரோடு சேர்த்துக்கொண்டார். பெண்ணாக நடித்த ஆணைத் திறமைசாலி என்றோம். பெண்ணாகவே மேடையேறிய பெண்ணிடம் குலம் கேட்டோம்.

நம் ராஜபாளையத்துக்கு ஆவணம் சேர்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசுவாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். நூற்பாலைகளை யார் எப்போது தொடங்கினார் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த ஆலைகளில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்த நாடகத்தில் வள்ளியாக நடித்தது யார் என்பதுதான் தெரியாது.

அதனால் அடுத்த இதழிலிருந்து சில பக்கங்களை இதற்காக ஒதுக்குகிறோம். பழைய நாடக நோட்டீஸ் யாரிடமாவது இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஊரும் தேதியும் ஸ்திரீபார்ட் பெயரும் தெரிந்தால் போதும். ஹார்மோனியம், மிருதங்கம் வாசித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பல பெயர்கள் அவர்கள் நினைவில்தான் உள்ளன. பேட்டிக்குப் போகும் இளம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘சினிமாவில் ஏன் நடிக்கவில்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் சம்பளம் எவ்வளவு, யார் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார், கைக்குழந்தையை மேடைக்குப் பின்னால் யார் வைத்திருந்தார் என்று கேளுங்கள். அம்மா நாடகக்காரி என்பதை வெளியே சொல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று நல்ல வேலையில் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் பெயரில்லாமலே அச்சிடுவோம்.