திறக்காத கேமை விற்பது குற்றம்

விலை கொடுத்து வாங்கிய கணினி கேம் திறக்கவில்லை என்றால், அதைத் திறக்க வைக்கும் பொறுப்பு விற்றவருடையது. இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் இன்று நடப்பது நேர்மாறாக இருக்கிறது. பணம் கட்டியவர் பொத்தானை அழுத்துகிறார்; திரை ஒரு கணம் கறுத்துப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. என்ன கோளாறு என்று சொல்லப் பல நேரங்களில் ஒரு வரிச் செய்தி கூட வருவதில்லை. அதன்பிறகு அவர் வாடிக்கையாளர் என்ற நிலையிலிருந்து இறங்கி, சம்பளமில்லாத பழுதுபார்ப்பவர் ஆகிவிடுகிறார். இந்த வழக்கத்தைக் கேம் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக நடத்திவருகின்றன. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

உதவி கேட்டு எழுதுபவருக்கு எந்த நிறுவனத்திடமிருந்தும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வருகிறது. கோப்புகளைச் சரிபாருங்கள். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். ஓவர்லேக்களை அணையுங்கள். நிர்வாகி உரிமையுடன் இயக்கிப் பாருங்கள். ஆன்டிவைரஸை நிறுத்திப் பாருங்கள். கேமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். முதல் இரண்டும் பல நேரங்களில் பலன் தருபவை. அவற்றைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கணினியின் பாதுகாப்பைக் கழற்றி வைக்கச் சொல்ல இவர்களுக்கு என்ன உரிமை? அதனால் கணினிக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பேற்பது?

'மறுபடி நிறுவுங்கள்' என்ற அறிவுரை அதைவிடப் பொறுப்பற்றது. 'பால்டர்ஸ் கேட் 3' போன்ற ஒரு கேமுக்கு 150 ஜிபி இடம் வேண்டும். நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர் அந்த அளவை மறுபடி இறக்கி முடிக்க 75 நாள் ஆகும். ஸ்டீம் கடையில் பணத்தைத் திரும்பக் கேட்க வழக்கமாகக் கொடுக்கப்படும் காலம் வாங்கியதிலிருந்து 14 நாள். அறிவுரையை நம்பியவர் பணத்தையும் இழக்கிறார், டேட்டாவையும் இழக்கிறார்.

கேம் திறக்காமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் விற்பவரால் முன்கூட்டியே அறியக்கூடியவை. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ துணைக் கோப்புகள் கணினியில் இல்லையென்றால் 'எம்எஸ்விசிபி140 டிஎல்எல் கிடைக்கவில்லை' என்ற அறிவிப்போடு கேம் நின்றுவிடும். தன் கேமுக்கு அந்தக் கோப்பு தேவை என்பது அதை உருவாக்கியவருக்குத் தெரியும். அதைக் கேமுடன் சேர்த்து நிறுவித் தருவது அவர் கடமை. டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் அறிமுகமில்லாத நிரல்கள் எழுதுவதைத் தடுக்கும் பாதுகாப்பு வசதி விண்டோஸில் இருக்கிறது. அது இயங்கும் கணினியில் சில கேம்கள் தம் அமைப்புக் கோப்பை எழுத முடியாமல் சத்தமின்றி மூடிக்கொள்கின்றன. விண்டோஸ் கணக்கின் பெயரைத் தமிழிலோ அரபியிலோ சீனத்திலோ வைத்திருப்பவரின் கணினியில், கோப்புறைப் பெயரைப் படிக்கத் தெரியாமல் விழும் கேம்களும் உண்டு. உலகம் முழுவதும் விற்கத் தெரிந்தவர்களுக்கு, உலகத்தின் எழுத்துகளில் ஒருமுறை சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. இந்தக் கோளாறுகளில் பலவற்றில் எந்தக் கோப்பைத் தேடி எந்த இடத்தில் நின்றோம் என்பது நிரலுக்குத் தெரியும். அதைத் திரையில் சொல்லச் சில வரி நிரல் போதும். எழுதாமல் விடுவது அலட்சியம்.

இதைவிடக் கடுமையாகக் கண்டிக்க வேண்டியது திருட்டுத் தடுப்புப் பூட்டுகளை. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, சேஃப்டிஸ்க் என்ற பூட்டை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணங்களுக்காக ஏற்க மறுத்தது. அந்தப் பூட்டுடன் டிஸ்க்கில் விற்கப்பட்ட கேம்கள் புதிய கணினிகளில் திறக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் முடிவு சரியே. ஆனால் பூட்டை மாட்டிய வெளியீட்டாளர்களில் எத்தனை பேர் அதைக் கழற்றித் தர முன்வந்தார்கள்? 2021 நவம்பரில் இன்டெலின் 12-ஆம் தலைமுறைச் செயலிகள் வந்தன. அவற்றில் இரண்டு வகைக் கோர்கள் இருந்தன. சில பூட்டுகள் இரண்டாவது வகைக் கோர்களை வேறொரு கணினி என்று தவறாக எடுத்துக்கொண்டன. பாதிக்கப்பட்டவை என்று 51 கேம்களை இன்டெல் பட்டியலிட்டது. புதுக் கணினி வாங்கியவர் பயாஸுக்குள் போய் ஓர் அமைப்பை மாற்றி, ஸ்க்ரோல் லாக் விசையை அழுத்திக் கேமைத் திறக்க வேண்டியிருந்தது.

மைக்ரோசாஃப்டும் இந்தக் குற்றத்துக்கு விலக்கல்ல. அந்நிறுவனம் 2007-இல் தொடங்கிய 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' சேவையை நம்பிப் பல வெளியீட்டாளர்கள் கேம்களை அதனுடன் பிணைத்தார்கள். சேவை கைவிடப்பட்டது, பிணைப்பு அப்படியே இருந்தது. 2020 ஜனவரியில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' ஸ்டீமில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது, அந்தச் சேவைக்கான சாவி எண்களை இனி உருவாக்க முடியாததால்தான். 2008-இல் வெளியான 'ஃபால்அவுட் 3' கேமிலிருந்து அந்தப் பிணைப்பு அவிழ்க்கப்பட்டது 2021-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வாங்கியவர்கள் திறக்க வழி தேடி அலைந்தார்கள். பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாக ஆடியவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. காசு கொடுத்த நேர்மையாளரே தண்டனையை அனுபவித்தார். இதை எந்த வணிக நியாயத்தாலும் மூடி மறைக்க முடியாது.

நிறுவனங்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கின்றன. கணினிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. செயலி, கிராபிக்ஸ் கார்டு, டிரைவர் என எண்ணற்ற சேர்க்கைகள். எல்லாவற்றிலும் எப்படிச் சோதிப்பது என்கிறார்கள். சிரமம் உண்மைதான். அதற்காகத்தான் குறைந்தபட்சத் தேவைகள் என்று ஒரு பட்டியலை அவர்களே கேமின் விற்பனைப் பக்கத்தில் போடுகிறார்கள். அந்தப் பட்டியல் விற்பவர் கொடுக்கும் வாக்கு. அதைப் படித்து, தன் கணினி பொருந்துகிறது என்று பார்த்துத்தான் ஒருவர் பணம் கட்டுகிறார். பொருந்தும் கணினியில் கேம் திறக்காவிட்டால் வாக்குத் தவறியவர் விற்றவரே. எண்ணற்ற சேர்க்கைகளின் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள முடியாது.

செய்ய முடியாது என்பதும் பொய். 2015 ஜூனில் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' கணினிப் பதிப்பு ஆட முடியாத நிலையில் வெளிவந்தபோது, வார்னர் பிரதர்ஸ் ஓரிரு நாளிலேயே விற்பனையை நிறுத்தியது, அக்டோபர் இறுதியில்தான் மறுபடி விற்றது. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' கோளாறுகளோடு வந்தபோது, சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து எடுத்தது. 2021 ஜூன்வரை திரும்பச் சேர்க்கவில்லை. பழைய கேம்களை இன்றைய விண்டோஸில் ஓடும்படி சீர்செய்து, பூட்டில்லாமல் விற்பதையே தொழிலாக நடத்துகிறது போலந்தின் ஜிஓஜி கடை. 2024 நவம்பரில் நூறு கேம்களைத் தொடர்ந்து இயங்கும் நிலையில் பராமரிப்பதாக அறிவித்துப் பொறுப்பேற்றது. ஊர் முழுக்கப் பேசும் கேம் என்றால் உடனே நடவடிக்கை, மற்றவற்றை வாங்கியவர்களுக்கு மட்டும் அதே பழைய பட்டியல் என்பதை ஏற்க முடியாது.

பணத்தைத் திருப்பித் தரும் விதியிலும் அநீதி இருக்கிறது. ஸ்டீம் நடத்தும் வால்வ் நிறுவனம் 2015 ஜூனில் தற்போதைய விதியைக் கொண்டுவந்தது: 14 நாளுக்குள் கேட்க வேண்டும், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் அந்நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்திருந்தது. 2016-இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. விதி வந்தது நல்லதே. ஆனால் கேமின் லாஞ்சர் திறந்திருக்கும் நேரமும் ஆடிய நேரமாகவே கணக்கில் ஏறுகிறது. பழுதுபார்ப்பதில் இரண்டு மணி கரைந்தவர், கேமின் முதல் காட்சியைக்கூடப் பார்க்காமலே வழக்கமான உரிமையை இழக்கிறார்.

இந்திய வாடிக்கையாளருக்குச் சட்டத் துணை இல்லாமல் இல்லை. 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். இந்தியாவில் பதிவாகாமல் இங்குள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். வெளியீட்டாளரைக் கேட்டால் கடையைக் கேள் என்பதும், கடையைக் கேட்டால் வெளியீட்டாளரைக் கேள் என்பதும் இந்த விதிகளின் நோக்கத்துக்கே எதிரானது.

ஆகவே நாம் கோருவது இது. காரணம் சொல்லாமல் கேம் மூடிக்கொள்வது உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். எந்தக் கோப்பு இல்லை, எந்த அனுமதி தடுக்கிறது என்பதைப் புரியும் மொழியில் திரையில் சொல்ல வேண்டும். தேவையான துணைக் கோப்புகள் அனைத்தும் கேமுடனேயே வர வேண்டும். எந்த எழுத்தில் பெயர் வைத்த கணக்கிலும், நிர்வாகி உரிமை இல்லாத கணக்கிலும் கேம் திறக்கிறதா என்று சோதித்த பிறகே விற்க வேண்டும். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் அறிவுரை உதவிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். திறக்காத கோளாறு தெரியவந்தால், விற்பனைப் பக்கத்தின் மேலேயே அதை எழுத வேண்டும். தீரும்வரை விற்பனையை நிறுத்த வேண்டும். பூட்டு பழுதானாலோ சேவை மூடப்பட்டாலோ, வெளியீட்டாளரே பேட்ச் கொடுத்து அதைக் கழற்ற வேண்டும். இரண்டு மணிக் கணக்கு, கேம் உண்மையில் ஆடும் நிலைக்கு வந்த நொடியிலிருந்து தொடங்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தத் துறையைத் தன் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கணினி குறிப்பிட்ட தேவைகளுக்குப் பொருந்தியும் கேம் திறக்கவில்லையா? கோப்புகளைச் சரிபாருங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள். அதற்கு மேல் உங்கள் இரவுகளைச் செலவிடாதீர்கள். பிழைச் செய்தியைப் படம் எடுத்து வையுங்கள். கெடு முடியும் முன் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். திறக்காத கேமுக்காக வாங்கிய பணம் விற்றவருக்கு உரியதல்ல. கேமைத் திறக்க வைக்கட்டும். முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும்.